பித்தனின் பிள்ளைகள்

சிறார் இலக்கிய அரங்குகளில் சில ஆண்டுகளாக ஒரு வாதம் செல்வாக்கோடு உலவுகிறது. கோணங்கி அப்பா, அவருக்குச் சளைக்காத அம்மா, இருவரையும் கட்டி மேய்க்கும் பிள்ளை என்று ஒரு வேடிக்கை நூலைத் தமிழில் எழுதலாமே என்றால், ‘அது நம் மரபில் இல்லை’ என்று பதில் வருகிறது. அந்த வகைக் கதை ரோல்ட் டாலின் ‘மெட்டில்டா’ (1988) போன்ற நூல்களோடு ஆங்கிலவழிப் பள்ளி நூலகங்களில் வந்து இறங்கிய சரக்காம். தாயையும் தந்தையையும் தெய்வத்துக்கு முன்னால் வைத்த மொழியில் அது வேர்பிடிக்காதாம். பழமை பேசுகிறவர்களும் முற்போக்கு பேசுகிறவர்களும் இந்த ஒன்றில் கைகோத்து நிற்கிறார்கள். முன்னவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. பின்னவர்களுக்கு, சாதியும் வன்முறையும் பேசப்பட வேண்டிய நேரத்தில் அது வீண் கேலி.

இரு தரப்பும் தவறு என்பதே என் கட்சி. பெற்றோரின் கிறுக்கைப் பிள்ளையின் கண்ணால் பார்த்துச் சிரிக்கும் கலை தமிழில் பழையது. அதற்கு நாம் வெகுதூரம் போகவும் வேண்டாம். கடலூரில் பேருந்து ஏறிச் சிதம்பரத்தில் இறங்கினால் போதும்.

சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடி அரங்கேற்றியதாக மரபு சொல்லும் இடம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபம். அந்த நூலில் சீர்காழிக் குளக்கரையில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தரின் கதை எல்லோருக்கும் தெரியும். குளித்துக் கரையேறிய அப்பா சிவபாத இருதயர் பிள்ளையின் வாயில் பால் வழிவதைப் பார்க்கிறார். யார் கொடுத்த எச்சிற்பாலைக் குடித்தாய் என்று கோலை ஓங்குகிறார். பிள்ளை விரல் நீட்டிச் சுட்டிக்காட்டி அடையாளம் சொல்கிறது: ஒரு காதில் தோடு, ஏறி வருவது மாடு, தலையில் நிலாத் துண்டு, உடம்பெல்லாம் சுடுகாட்டுச் சாம்பல். பிள்ளை பாடிய அந்தப் பதிகத்தைப் பக்தி என்று மட்டும் படித்துப் பழகிவிட்டோம். அந்தக் காட்சியில் இரண்டு அப்பாக்கள் இருப்பதை ஒரு கணம் பாருங்கள். ஒருவர் ஒழுங்கானவர், ஆசாரம் பார்ப்பவர், கையில் கோல் வைத்திருப்பவர். இன்னொருவர் ஊரில் எந்தக் குடும்பமும் சம்பந்தம் பேசத் தயங்கும் தோற்றம் கொண்டவர். பிள்ளை இரண்டாமவரைத் தன் ஆள் என்று அறிவிக்கிறது, பெருமையோடு, கொஞ்சமும் பயமில்லாமல். தமிழில் ஒரு குழந்தையின் வாயிலிருந்து வந்ததாக நாம் போற்றும் முதல் பெரும்பாட்டு, கோலோங்கிய அப்பாவிடம் ஒரு விசித்திர அப்பாவை அறிமுகம் செய்யும் பாட்டு.

சுந்தரர் கதை இன்னும் நேரடியானது. ஓலையோடு வந்து கல்யாணத்தை நிறுத்திய கிழவரைப் பித்தன் என்று திட்டினார். பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில், அந்தத் திட்டிலேயே முதல் பதிகத்தைத் தொடங்கும்படி கிழவரே கேட்டுக்கொண்டார். அதன் பிறகு தமிழ்ப் புலவனுக்குத் தடை ஏது? 15ஆம் நூற்றாண்டுக் காளமேகத்தின் பெயரில் வழங்கும் வெண்பா ஒன்று முருகனின் குடும்பத்தைக் கூண்டில் ஏற்றுகிறது: தகப்பன் வீடுவீடாகக் கையேந்துகிறவர், தாய் மலைக்காட்டுக்காரி, மாமன் வெண்ணெய்க் கள்ளன், தமையன் தொப்பையன், இதுதானே ஆறுமுகத்தானே உன் குலப்பெருமை? தனிப்பாடல் திரட்டுக்காரர்கள் மறக்காத இன்னொரு பாட்டில், பிள்ளையாரும் முருகனும் அப்பாவிடம் புகார் சொல்ல வருகிறார்கள். தம்பி காதைக் கிள்ளினான் என்கிறான் அண்ணன். அண்ணன் என் தலைகளையும் கண்களையும் எண்ணிக் கேலி செய்தான் என்கிறான் தம்பி. அவன் என் தும்பிக்கையை முழம்போட்டு அளந்தான் என்று எதிர்ப்புகார். அப்பா தீர்ப்புச் சொல்லாமல் அம்மா பக்கம் திரும்பி, உன் பிள்ளைகளின் லட்சணத்தைப் பார் என்கிறார். எத்தனை வீட்டுக் கூடங்களில் நடந்த காட்சி இது!

சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் பிறந்த மாரிமுத்தா பிள்ளை (1712–1787) கூத்தப் பெருமானை நிந்தாஸ்துதியில் வம்புக்கிழுத்தார். பாபவிநாச முதலியாரோ இடதுகால் ஏன் இப்படி விளங்காமல் போனது என்று காரணம் காரணமாக அடுக்கி விசாரித்தார். இவையெல்லாம் இன்றும் கச்சேரியில் பாடப்படுகின்றன. கேட்பவர் எவரும் புண்படுவதில்லை. புண்படாததற்குக் காரணம் எளியது: கேலி செய்கிறவன் அந்த வீட்டுப் பிள்ளை என்பது கேட்பவருக்குத் தெரியும். தன் அப்பாவைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமை எப்போது பறிபோனது? அச்சுப் பாடப்புத்தகம் வந்தபோது என்பேன். அதிலும் சிதம்பரத்துக்குப் பங்குண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1850களிலிருந்து அவர் எழுதிய பாலபாடங்கள் தமிழ்க் குழந்தைக்கு உரைநடையில் தரப்பட்ட முதல் முறையான வாசிப்புகளில் அடங்கும். மிஷனரிப் பள்ளிகளுக்கு எதிரே நின்று தெளிவான உரைநடையை ஆக்கியவர் என்ற வகையில் நாவலரின் சாதனை பெரிது. அதைக் குறைத்துப் பேச நான் யாருமில்லை. ஆனாலும் அந்தப் பாடங்களில் பிள்ளை கேட்கும், பணியும், திருந்தும், சிரிக்காது. கோயிலுக்குள் பித்தனாக ஆடிய அப்பா பள்ளிக்கூடத்துக்குள் வரும்போது திருநீறு துலங்க நேராக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த எண்பது ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதி, நாவலருக்கு முன்பே 1822இல் லண்டனில் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான பரமார்த்த குரு கதை, குருவைக் கேலி செய்ய அனுமதி தந்தது. தெனாலிராமன் ராஜாவைக் கேலி செய்யத் தந்தான். பாரதி 1915இல் பாப்பாவுக்குப் பாடியது அன்பான கட்டளைகளின் தொகுப்பு. அதே பாரதி ‘சின்னச் சங்கரன் கதை’யில் ஜமீன்தாரைப் போட்டுப் புரட்டி எடுத்தார், அது குழந்தைக்கென்று எழுதப்பட்டதல்ல. கவிமணியின் ‘மலரும் மாலையும்’ (1938) இனிமையானது, சாந்தமானது. ராஜாவைப் பார்த்துச் சிரிக்கலாம், குருவைப் பார்த்துச் சிரிக்கலாம். அப்பா இருக்கும் அறைக்குள் மட்டும் யாரும் நுழையவில்லை.

1950இல் அழ. வள்ளியப்பாவும் நண்பர்களும் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து எழுபதுகள் வரையிலான காலத்தைப் பொற்காலம் என்று சொல்வார்கள். ஆர்வியின் ‘கண்ணன்’, வள்ளியப்பாவின் ‘பூஞ்சோலை’, 1947இலிருந்து ‘அம்புலிமாமா’, 1972இல் ‘கோகுலம்’, அதே ஆண்டு ‘முத்து காமிக்ஸ்’ என்று ஒரு பிள்ளை வாரம் முழுதும் படித்தாலும் தீராத அளவுக்குப் பத்திரிகைகள் இருந்த காலம்தான். வள்ளியப்பாவின் பாட்டுகளில் சந்தம் தானே சிரிக்கும். வாண்டுமாமா கையில் கதை நிற்காமல் ஓடும். ‘பலே பாலு’ படக்கதையை ஓவியர் செல்லத்தின் கோடுகளோடு பார்த்தவர்கள் இன்றும் மறப்பதில்லை. எனக்கும் அந்தக் காலத்தின்மேல் பிரியம் உண்டு. ஆனாலும் அந்தப் பத்திரிகைகளைத் தொடர்ந்து புரட்டிக்கொண்டே போனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. கதை தொடங்கியதும் பெற்றோர் வெளியேற்றப்படுகிறார்கள். அப்பா ஊருக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார், அல்லது கடத்தப்பட்டிருப்பார். கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்த சிறுவர்கள் குகையில் கள்ளநோட்டுக் கும்பலைப் பிடிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா திரும்பிவந்து தட்டிக்கொடுப்பார். நடுவில் அவர் யார், எப்படித் தூங்குவார், எதற்குப் பொய் சொல்வார், அம்மாவிடம் எப்படி மாட்டிக்கொள்வார் என்று எதுவும் நமக்குத் தெரியாது. சாகசத்துக்கு வீடு இடைஞ்சல் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே சாகசம் நடக்கிறது என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

அதனால்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்புக்குப் பெரியவர்களின் பத்திரிகைக்குத் திருட்டுத்தனமாகப் போனார்கள். தேவனின் துப்பறியும் சாம்புவும், 1963இல் குமுதத்தில் பாக்கியம் ராமசாமி அவிழ்த்துவிட்ட அப்புசாமியும் சீதாப்பாட்டியும் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவர்கள் அல்லர். ஆனால் பல்செட்டும் பிடிவாதமுமாக ஒரு கிழவர் செய்யும் கூத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். கிறுக்குப் பெரியவர்களுக்கான பசி தமிழ்க் குழந்தைக்கு எப்போதும் இருந்தது. பரிமாறத்தான் ஆளில்லை.

பரிமாறியவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். மாஸ்கோவில் அச்சாகி என்சிபிஎச் கடைகளிலும் கண்காட்சி வண்டிகளிலும் மிக மலிவாகக் கிடைத்த சோவியத் நூல்களில், அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ தனியிடம் பெற்றது. ரஷ்ய மூலம் 1961. நோயில் படுத்திருந்த மகளுக்கு ரஸ்கின் தன் சிறுவயதுக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். மகளுக்குப் பிடித்தவை அப்பா அசடு வழிந்த கதைகள் மட்டும். அழகான பந்து கிடைத்ததும் அது கார்ச் சக்கரத்தின் கீழே போனால் என்னாகும் என்று பார்க்கிறார் அப்பா. நாயைப் பழக்கப் போய் நாயிடம் கடிபடுகிறார். பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் காவலாளி, ஐஸ்கிரீம்காரர் என்று வரிசையாகப் போய் நாயாகப் போவதாகக்கூடச் சொல்கிறார். நூல் முழுவதும் அப்பா தோற்கிறார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பிள்ளைக்கு அவரை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போகிறது. தமிழில் நா. முகம்மது செரீபு மொழிபெயர்த்த அந்த நூல் சோவியத் யூனியன் காணாமல் போன பிறகும் இங்கே மறுபதிப்புக் காண்கிறது. மரபில் இல்லாத சரக்கை இத்தனை தலைமுறைப் பிள்ளைகள் ஏன் கைவிடவில்லை என்பதை எதிர்க்கட்சியினர் விளக்க வேண்டும்.

பக்கத்து மொழியில் பஷீர் 1951இலேயே செய்து காட்டினார். ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ நாவலில் குஞ்ஞுபாத்தும்மாவின் உம்மா, தன் வாப்பாவிடம் கொம்பானை இருந்ததென்று சொத்தெல்லாம் போன பிறகும் பீற்றிக்கொண்டிருக்கிறாள். குஞ்ஞுபாத்தும்மாவின் வாப்பாவோ கேஸ் நடத்தியே ஓட்டாண்டி ஆனவர். தெருப்பிள்ளைகள் கடைசியில் அந்த ஆனையை மண்ணில் குழி பறிக்கும் குழியானை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு குடும்பத்தின் போலிப் பெருமை கரைகிறது, மகள் விடுதலையடைகிறாள். வங்கத்தில் சுகுமார் ராய் 1923க்குள் அபத்தப் பாடல்களுக்கு ஒரு சாம்ராஜ்யமே கட்டிவிட்டுப் போய்விட்டார். நாம் அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியைக் கடைசிப் பத்தியில் நீதி எழுதுவதில் செலவழித்தோம்.

இனி, என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். தமிழில் அந்த நூல் பாதி எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் 1906இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். குழந்தை எழுத்தாளர் பட்டியல் எதிலும் இல்லாதவர். புதுமைப்பித்தன் 1943இல் கலைமகளில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைச் சமூக அங்கதம் என்றும் நாத்திகம் என்றும் ஆத்திகம் என்றும் தலைமுறை தலைமுறையாக விவாதித்துவிட்டோம். அது ஒரு வீட்டுக் கதை என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கந்தசாமிப் பிள்ளை ‘சித்த வைத்திய தீபிகை’ நடத்துகிறவர். பிராட்வே முனையில் நின்று டிராமில் போவதா நடப்பதா என்று சில்லறைக் கணக்குப் போடுகிறவர். வழிகேட்ட கிழவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் அவரிடம் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறவர். அவரை வீட்டுக்கு அழைத்துவந்து, மனைவி காந்திமதியிடம் உறவுக்காரப் பெரியவர் என்று கதை விடுகிறார். இதைவிடக் கிறுக்கான ஓர் அப்பாவை டாலின் நூல்களில் காட்டுங்கள்.

அந்த வீட்டில்தான் வள்ளி இருக்கிறாள். தமிழ்ச் சிறுகதையில் நான் கண்ட குழந்தைகளில் இவளுக்கு இணை குறைவு. வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்பது அவளுக்குப் பொருட்டில்லை. தாத்தா என்று ஒப்புக்கொண்டு, எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்பதிலிருந்து தொடங்குகிறாள். ஆட்டத்துக்கு இழுக்கிறாள். கோட்டை மிதித்துவிட்டாய் என்று பிடித்துக் கைகொட்டிச் சிரிக்கிறாள். அண்டசராசரத்தைப் படைத்தவர் ஒரு சிறுமியிடம் ஆட்டவிதி தெரியாமல் தோற்று நிற்கிறார். அப்பா கந்தசாமிப் பிள்ளை இவற்றை வியந்து பார்ப்பதும் இல்லை. அவருக்குத் தன் கணக்கு, தன் கடன், தன் பத்திரிகை. கதையின் பின்பகுதியில் கடவுளும் தேவியும் நாட்டியக் கலைக்குத் தலைமை தாங்கும் பெரிய மனிதரின் வீட்டில் ஆடிக் காட்ட, அவர் முகம் சுளிக்கிறார். தில்லைக் கூத்தனுக்குச் சென்னையில் மேடை கிடைக்கவில்லை. பிராட்வேயில் பிடித்த ஓர் அப்பாவின் வீட்டிலும் ஒரு குழந்தையின் ஆட்டக்கோட்டுக்குள்ளும் இடம் கிடைக்கிறது. சம்பந்தர் விரல் நீட்டிக் காட்டிய அதே விசித்திரத் தந்தை, 20ஆம் நூற்றாண்டில் வள்ளியிடம் தோற்க வந்திருக்கிறார். இதைக் கண்டுகொள்ளாமல் மரபு மரபு என்று பேசுகிறோமே!

புதுமைப்பித்தன் எட்டு வயதில் தாயை இழந்தவர். தாசில்தாராக இருந்த தந்தையோடு அவருக்கு உறவு சுமுகமாக இருந்ததில்லை என்பது ரகுநாதன் எழுதிய வரலாற்றிலிருந்து எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்டிப்பான வீட்டிலிருந்து வந்தவர் கந்தசாமிப் பிள்ளையை இவ்வளவு கனிவோடு படைத்தார் என்பதை எப்போது நினைத்தாலும் நெகிழ்ந்துபோகிறேன். மகள் தினகரி பிறந்தது 1946இல். வள்ளி அவளுக்கு முன்னே பிறந்துவிட்டாள்.

அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனும் இந்த இடத்துக்கு நெருங்கி வந்தார். ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் ஹென்றி யார்? சபாபதிப் பிள்ளை என்ற கோணங்கி மனிதரால், சாதியோ மதமோ சுமத்தப்படாமல் வளர்க்கப்பட்ட பிள்ளை. பப்பா செய்த பைத்தியக்காரத்தனங்களின் மொத்த விளைச்சல்தான் அவனுடைய தெளிவு. நாவலை வாசித்த ஒவ்வொருவருக்கும் ஹென்றியின் சிறுவயதைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். ஜெயகாந்தன் அதை எழுதவில்லை. அவருடைய சொந்தச் சிறுவயதே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, விழுப்புரம் போய், அங்கிருந்து சென்னைக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துக்குப் போய், தோழர்களின் கையில் வளர்ந்த பையன் அவர். ஒரு சிறுவனுக்கு ஒரே சமயத்தில் இருபது அப்பாக்கள், ஒவ்வொருவரும் ஒரு தினுசு! இதைக் குழந்தைகளுக்கென்று எழுதியிருந்தால் எப்படிப்பட்ட நூல் கிடைத்திருக்கும்.

இன்றைய நிலைக்கு வரும்போது கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. இன்று எழுதுகிறவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு, குறையும் உண்டு. கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த இரா. நடராசனின் ‘ஆயிஷா’ தமிழ்ச் சிறார் இலக்கியத்தின் திசையையே திருப்பியது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் ஒரு சிறுமி, வலி தெரியாமல் இருக்கத் தன் உடம்பிலேயே மருந்தைச் செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். ஆசிரியர் பயிற்சிக் கூடங்களில் அந்த மெலிந்த நூல் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. படித்த ஆசிரியர்கள் பிரம்பைக் கீழே போட்டார்கள். இலக்கியம் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பெரியது எது? நடராசனே பிறகு ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’ எழுதி வேதாளத்தை அறிவியல் கேட்க வைத்தார்; 2014இல் பால சாகித்ய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. ஆனால் பின்னால் வந்தவர்கள் ‘ஆயிஷா’விடமிருந்து கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ தவறான தொடுதலைப் பேச வந்த நூல். அவசியமானது, துணிச்சலானது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடிக்கு அழைத்துப்போகிறது. இவற்றுக்குக் கிடைத்த விருதுகள் தகுதியானவை. இவற்றின் நிழலில் வந்து குவியும் நூல்களில்தான் சிக்கல். ஒரு பிரச்சினை, ஒரு பாதிக்கப்பட்ட பிள்ளை, அறிவுரை சொல்ல ஒரு நல்ல அக்கா அல்லது ஆசிரியர், விழிப்புணர்வோடு முடியும் கடைசி அத்தியாயம். பழைய நீதிக்கதை புதிய சட்டை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டது. இந்த நூல்களில் அப்பா அம்மாவுக்கு இரண்டே வேடங்கள்: கொடுமைக்காரர், அல்லது தவறை உணர்ந்து திருந்துகிறவர். இரண்டுக்கும் நடுவே வாழும் கோடிக்கணக்கான பெற்றோர் எங்கே? வண்டியை மணிக்கணக்காகத் துடைத்துவிட்டு ஓட்டாமலேயே நிறுத்திவைக்கும் அப்பாவும், தொலைக்காட்சித் தொடரின் வில்லிக்கு எதிராக உரத்துச் சாட்சி சொல்லும் அம்மாவும் எங்கே? இன்றைய பிள்ளை ஆங்கிலத்தில் சிரித்துவிட்டுத் தமிழில் திருந்த உட்காருகிறது. இப்படியே போனால் தமிழ் என்பது திட்டு வாங்கும் மொழி என்று அதன் மனதில் பதிந்துபோகும்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். புதுவையில் வாழ்ந்த ம.இலெ. தங்கப்பா ‘சோளக்கொல்லை பொம்மை’யில் குழந்தையின் காதுக்குள் கூத்தடித்தார். வேலு சரவணன் புதுவையைத் தளமாகக் கொண்டு கோமாளி வேடத்தில் பள்ளி பள்ளியாகப் போகிறார். ‘கடல் பூதம்’ நாடகத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேடையில் நிற்கும் பெரியவரை ஏய்க்கவும் திருத்தவும் உதவவும் செய்கிறார்கள். தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் குழந்தைகளிடம் வந்து சேர்ந்த வழி அது. அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’யில் யானைக்குச் சளி பிடிக்க, ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிப் படுத்துகிறார்கள். விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’ தலைப்புக்கு நேர்மையாக இருக்கிறது. கி.ராவின் ‘பிஞ்சுகள்’ சிறுவனை அவன் இஷ்டத்துக்குக் கரிசலில் திரியவிட்டது. இவர்கள் எல்லோரும் சிரிக்கத் தெரிந்தவர்கள். வீட்டுக் கதவைத் தட்டித் திறந்து உள்ளே போனவர் மட்டும் இவர்களில் இல்லை.

ஓர் ஆட்சேபத்துக்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா இருக்கும் வீட்டுப் பிள்ளையிடம், அப்பாக்கள் வேடிக்கையானவர்கள் என்று எப்படிச் சொல்வது? இது நேர்மையான கேள்வி. இதனால்தான் டாலின் பாதையை நான் பரிந்துரைக்கவில்லை. ‘மெட்டில்டா’வின் அப்பா பழைய கார்களில் மரத்தூளைப் போட்டும், ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியைத் துளைப்பானால் பின்னோக்கிச் சுற்றியும் விற்கும் மோசடிக்காரர், அவர் மகளை வெறுக்கிறார், மகள் பழிவாங்குகிறாள். கதை முடிவில் பெற்றோரைத் துறப்பதே மகிழ்ச்சி. அந்தச் சிரிப்பில் ஒரு கசப்பு ஊறிக்கிடக்கிறது. ரஸ்கினிடமும் கந்தசாமிப் பிள்ளையின் வீட்டிலும் அப்படி இல்லை. அங்கே பிள்ளைக்கு அடி விழாது என்பது முதல் வரியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பயமில்லாத வீட்டில்தான் கிறுக்கு வேடிக்கையாகும். ஆகவே இப்படிப்பட்ட ஒரு நூல், அடிவாங்கும் பிள்ளைக்கும் ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறது: அப்பா என்பவர் தோற்கலாம், அசடு வழியலாம், மன்னிப்புக் கேட்கலாம், கை ஓங்காமலும் ஒருவர் அப்பாவாக இருக்கலாம். ‘டோட்டோ-சான்’ நினைவிருக்கிறதா? பள்ளியை விட்டு மகளை வெளியேற்றிவிட்டார்கள் என்பதை அவளிடம் பல ஆண்டுகள் சொல்லாமலே இருந்த அம்மா, உலகத்தின் கண்ணில் ஒரு விசித்திரத் தாய்தான்.

மரபுக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. காளமேகத்தின் வெண்பாவைப் பட்டிமன்றத்தில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறீர்கள். அதையே ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் அப்பாவைப் பற்றி எழுதினால் மட்டும் பண்பாடு கெட்டுவிடுமா?

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை நூலைக் காசு கொடுத்து வாங்குவது அப்பா அல்லது அம்மா. மொத்தமாக வாங்குவது பள்ளி. அட்டையில் தன்னைக் கேலி செய்யும் நூலை வாங்குவாரா என்று பதிப்பாளர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை உடைக்க அரசால் முடியும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இலிருந்து ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று படிநிலை பிரித்துச் சிறு சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வகுப்பறைக்கே போகின்றன. அங்கே பெற்றோர் வாசலில் நின்று வடிகட்ட முடியாது. ‘பற’ நிலைக்கு ஒரு கிறுக்கு அப்பா நூலையும் ஒரு கிறுக்கு அம்மா நூலையும் கேட்டு வாங்கிப் போடுவதற்குப் புதிதாக எந்தத் திட்டமும் வேண்டியதில்லை.

கதைக்கான ஊர் வேண்டுமென்றால் கடலூரே போதும். 2004இல் சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று பார்த்துவிட்ட ஊர் அது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் முன்பே தன் முழங்கால் வலியை வைத்து வானிலை அறிவிக்கும் அப்பாவையும், நவம்பர் பிறந்ததும் மெழுகுவர்த்தியும் அரிசியும் கட்டிலுக்கடியில் பதுக்கி, எங்கே வைத்தோம் என்பதை மறந்துவிடும் அம்மாவையும் அங்கே எந்தத் தெருவிலும் எளிதில் கண்டுபிடிக்கலாம். தேவனாம்பட்டினத்திலோ கிள்ளையிலோ அப்படி ஒரு வீட்டில் பத்து வயதில் ஒரு பெண் இருப்பாள். மெழுகுவர்த்தி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அப்பாவின் முன்னறிவிப்பு எத்தனை முறை பொய்த்தது என்று கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருப்பாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மாடியில் காயும் துணியை எடுத்துவிடுவாள். அவள் குரலிலேயே, நீதி இல்லாமல், நூறு பக்கத்துக்குள், நல்ல கோட்டோவியங்களோடு யாராவது எழுதட்டும். வள்ளியை 1943இல் புதுமைப்பித்தன் விட்ட இடத்திலிருந்து எடுத்து வளர்ப்பதற்கு அந்த ஊரில் இன்னொருவர் பிறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கேயே பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டு, மாலையில் கதை எழுதுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.